மேல் டிவிசனுக்கு ஏற வேண்டிய கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மெயின் ரோட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்குப் பிரிகிற சந்தியில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவி, கொழும்பிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவளுடைய தம்பி, ஹட்டனில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் பாஸ், மேல் டிவிசன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் மூன்று பேர். வேறு ஒருவரும் இல்லை. வேலை நாளாக இருந்தால் கொழுந்து எடுக்கிறவர்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பயந்துதான் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினேன்.

டீச்சர்மார் ஒரு முடிவு எடுக்க வந்திருந்தார்கள். அடுத்த பள்ளித் தவணையும் என் காரில் வருவதா, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக்காரர் ஒருவர் புதிதாக ஓட்டத் தொடங்கியிருந்த வேனுக்கு மாறுவதா என்பதே அந்த முடிவு. மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு, நடுவழியில் ஒருவரையும் இறக்காமல், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கார் ஏற வேண்டும். அதுதான் பேச்சு. காரின் லீசிங் கடன் மாதாமாதம் போவது அவர்கள் தருகிற ஹயர் காசில். ஹயர் நின்றால் இரண்டு மாதம் தாக்குப் பிடிப்பேன். மூன்றாவது மாதம் லீசிங்காரர்கள் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கார் போனால் என் கையில் வேறு தொழில் இல்லை.

அந்த ஏற்றத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்காரர்கள் எப்போதோ கல் பதித்த பாதை. மழை மண்ணைக் கொண்டு போய்விட்டது, கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பாதி தூரத்தில் ஒரு முடக்கு, கொண்டை ஊசி மாதிரி வளைவு. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். எங்கள் பக்கத்தில் பாரம் ஏற்றிய வண்டி அந்த மாதிரி முடக்கில் ஏறும்போது பின்னால் ஒருவர் கல்லோடு நடந்து வருவார். வண்டி திணறி நின்றால் உடனே பின் சில்லுக்குக் கீழே கல்லைப் போடுவார். லொறிக்கு அது கிளீனர் வேலை. என் எண்ணூறு சிசி காருக்குக் கிளீனரை எங்கே தேடுவது?

போன வருசத்திலிருந்து அந்த முடக்கில் கார் திணற ஆரம்பித்தது. முதலில் ஒரு டீச்சர் இறங்கி நடந்தார். பிறகு இரண்டு பேர். கடைசியில் மூன்று பேரும் இறங்கி நடக்க, அதிலே வயது குறைந்த டீச்சர், புதிதாக நியமனம் கிடைத்து வந்தவர், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லைத் தூக்கினார். "நான்தான் இதுல இளசு, குடுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். ஆனால் அது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குப் பாதையில் ஏறி வருகிற நேரம். வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சில நாளில் அந்த டீச்சரின் சிரிப்பு நின்றுபோனது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தவணை முடிகிற வாரத்தில் மூன்று பேரிலும் மூத்தவரான பெரிய டீச்சர் பேச்சை எடுத்தார்.

"தம்பி, ஒங்க கார்ல நாங்க வர்றோமா, எங்க கூட ஒங்க கார் வருதா?"

"செஞ்சிருவேன் டீச்சர். வேல குடுத்திருக்கேன்."

"இதத்தான் தைப்பொங்கலுக்கும் சொன்னீங்க. லீவு முடியறதுக்குள்ள ஏத்திக் காட்டுங்க. இல்லாட்டி கோவிச்சுக்கிறாதீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

காருக்கு என்ன செய்தால் ஏறும்? அன்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான். மனைவிக்குச் சீட்டு விழுந்திருந்தது. கொழுந்து எடுத்து மாதாமாதம் கட்டிய சீட்டு. எங்கள் லயத்து வீட்டின் கூரைக்குப் புதுத் தகரம் போட வைத்திருந்த காசு. அதை என் கையில் கொடுத்து, "தகரம் அடுத்த மழைக்குப் போட்டுக்கலாம். ஆனா ஒரு தடவதான். தப்பாப் போட்டுட்டு வந்து நிக்காதீங்க" என்றாள். அந்த "ஒரு தடவதான்" இரவெல்லாம் காதில் கேட்டது.

மனைவியின் தம்பி, என் மச்சான், கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் கடையில் நிற்கிறான். அவனிடம் கேட்டதுதான் தாமதம், போனில் படம் படமாக அனுப்பினான். பெரிய வாய் வைத்த சைலன்சர், காளான் மாதிரி ஒரு எயார் ஃபில்டர், பளபளவென்று அலோய் ரிம். லீவுக்கு வந்தபோது அந்த ஃபில்டரைக் கையோடு கொண்டுவந்துவிட்டான்.

"மச்சான், இத மாட்டி அந்த சைலன்சரையும் போட்டீங்கன்னா சும்மா பறக்கும். நம்ம கடைல எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"பறக்க வேணாம்டா. ஏறுனாப் போதும்."

"பவரு வந்தா தானா ஏறும்."

"நீ எந்த ஏத்தத்துல ஓட்டுன?"

"கொழும்புல எங்க மச்சான் ஏத்தம்?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

பாஸிடம் கேட்டேன். பாஸ் சிங்களவர், ஆனால் ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் மாதிரி வரும்; தம்பிக்கு மல்லி, சரிக்கு ஹரி என்று இரண்டொரு சிங்களச் சொல் மட்டும் கலக்கும். பானட்டைத் திறந்து, ரேஸ் கொடுக்கச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மல்லி, இஞ்சின் எறக்கணும். பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும். பத்து வருசத்துக்கு மேல ஓடுன கார் தானே."

"பொகை இல்லையே பாஸ். ஒயிலும் குடிக்கல."

"இப்ப இல்ல. பொறகு வரும்."

இஞ்சின் இறக்குவதென்றால் சீட்டுக் காசு போய், மனைவியின் தோடும் போய்விடும். இறக்கிய பிறகும் ஏறாவிட்டால்? பாஸ் ஏமாற்றுகிற ஆளில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது இஞ்சின், மச்சானுக்குத் தெரிந்தது அவன் கடையில் விற்கிற சாமான். எனக்கோ எதுவும் நிச்சயமாகத் தெரியாது. நான் ரேடியோ போடாமல் கார் ஓட்டுகிறவன். ஏதாவது சத்தம் வந்தால் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம். விடிந்ததும் காருக்குக் கீழே குனிந்து ஒயில் சொட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் பிளேன்டீ கூடக் குடிக்க மாட்டேன். மனைவி அதைப் பார்த்து, "காருக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பார்த்தாச்சா?" என்பாள்.

அந்தப் பயம்தான் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தது. ஹட்டனிலிருந்து வரும்போது தண்ணீரோரமாகக் கொஞ்ச தூரம் நேராகப் போகிற ரோடு ஒன்று இருக்கிறது. தவணை முடிந்த நாள் அந்த இடத்தில் பெரிய டீச்சரின் போனில் மேப் திறந்திருந்தது. அதில் வேகம் நாற்பத்துநாலு என்று காட்டியது. என் மீட்டரில் நாற்பது. டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் போனிலும் மேப்பைப் போட்டு, மனைவியைப் பக்கத்தில் உட்கார்த்தி, அதே இடத்தில் போய் வந்தேன். அதே வித்தியாசம். மீட்டர் கெட்டுவிட்டதோ, அதற்கும் செலவோ என்றுதான் முதலில் பயந்தேன்.

"மீட்டரு பொய் சொல்லுதா, போனு பொய் சொல்லுதா?" என்றேன்.

"ரெண்டும் நெசந்தான் சொல்லும். நீங்கதான் அதுல என்னத்தையோ மாத்தியிருப்பீங்க" என்றாள் மனைவி. எரிச்சலில் சொன்னதுதான்.

மாற்றியிருந்தேன். டயரை.

எங்கள் பக்கத்தில் கார் வாங்கினால் முதல் வேலை கோயில் வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போடுவது. இரண்டாவது வேலை காரைத் தூக்குவது. தூக்காவிட்டால் தோட்டத்து ரோட்டில் அடியிலிருக்கிற ஒயில் சம்ப் கல்லில் அடிபட்டு உடையும். என்னுடையதும் போன வருசம் ஒரு தரம் உடைந்தது. ஒயில் முழுவதும் ரோட்டில் ஓடியது. உடனே எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்தேன். அதோடு, காரோடு வந்த பன்னிரண்டு அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டுப் பதின்மூன்று அங்குல ரிம்மும் தடித்த டயரும் போட்டேன். கார் ஜீப் மாதிரி நிமிர்ந்து நின்றது. லயத்தில் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சம்ப் அதற்குப் பிறகு அடிபடவேயில்லை. அதனால் டயரின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நல்லது செய்த சாமானை யார் சந்தேகப்படுவார்?

யோசித்தால் கணக்கு எளிது. சில்லு பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். அதனால்தான் மீட்டரை விட நிஜ வேகம் கூட. அதிக தூரம் போகிற சில்லைச் சுற்ற இஞ்சினுக்கு அதிக பலம் வேண்டும். முதல் கியரைப் போட்டும், கொஞ்சம் இரண்டாவது கியர் போட்ட மாதிரித்தான் முக்குகிறது. எண்ணூறு சிசியில் அந்தக் கொஞ்சம் பலம் குறைந்தாலே முடக்கில் ஏறாது. நேர் ரோட்டில் தெரியாது.

இதை மச்சானிடம் சொன்னபோது, "எல்லாரும் சின்ன டயரக் கழட்டிட்டுப் பெருசு போடுறான். நீங்க பெருசக் கழட்டிட்டு சின்னது போடப் போறீங்களா? காசு குடுத்து?" என்றான். பாஸ் தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டதற்கா இல்லையா என்று தெரியவில்லை. "ஹரி, டயர் மாத்துங்க. ஆனா கிளச்சும் வழுக்குது மல்லி. அதப் போடாம டயர் மாத்தி வேல இல்ல" என்றார். கைபிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளச்சை விட்டுக் காட்டினார். நல்ல கிளச் என்றால் இஞ்சின் அதிலேயே நின்றுவிடும்; இது நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் நம்பினேன்.

ஒரு வாரம் மனதுக்குள்ளேயே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். முடிவில் பழைய அளவு டயர் நான்கு, கிளச், பிரேக் பேடும் லைனரும். ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பாரத்தோடு அந்த ரோட்டில் இறங்குவதும் நான்தானே. ஸ்பேசர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அது கியரைத் தொடாது. டயரில் குறைகிற உயரத்துக்குப் பதிலாக சம்புக்குக் கீழே வெல்டிங் கடையில் ஒரு இரும்புத் தகடு. பழைய ரிம் வீட்டுக்குப் பின்னால்தான் கிடந்தது. மனைவி அதன்மேல் விறகு அடுக்கியிருந்தாள். பெரிய டயரையும் ரிம்மையும் கினிகத்தேனைப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டார். சைலன்சர் வேண்டாம் என்றேன். மச்சான் கொண்டுவந்த ஃபில்டரை மட்டும், அவன் முகத்துக்காக, மாட்டச் சொன்னேன். உள்ளே காற்று இழுக்கும்போது அது சீறியது. இரண்டு நாள் பொறுத்தேன். அந்தச் சீறலில் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கழற்றிப் பழையதைப் போட்டு, அவனிடமே கொடுத்தேன். அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

சீட்டுக் காசும் டயர் விற்ற காசும் டயர்க் கடையோடும் வெல்டிங் கடையோடும் சாமானோடும் முடிந்துபோனது. பாஸின் கூலிக்குக் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்துக்குத் தவணை கேட்டேன். "ஏறட்டும் பாப்போம்" என்றார். அவரும் சந்திக்கு வந்தது அப்படித்தான்.

இதெல்லாம் முடிந்து நிற்கிறபோது ஞாயிற்றுக்கிழமை. டீச்சர்மார் ஏறினார்கள். பெரிய டீச்சர் முன்னால், மற்ற இருவரும் பின்னால். கார் அமுங்கியது. நான் பின் சில்லை எட்டிப் பார்த்தேன்.

"என்ன தம்பி பாக்குறீங்க? காலைல நான் ரொட்டி ஒண்ணு கொறைச்சுத்தான் சாப்பிட்டேன்" என்றார் பெரிய டீச்சர்.

நான் சிரிக்காமல் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். மனைவி ஏற்கனவே கல்லோடு முடக்குக்கு நடந்துவிட்டாள். மச்சானும் பாஸும் பின்னால் நடந்து வந்தார்கள்.

முதல் கியர். இரவு மழை பெய்திருந்தது, கல்லெல்லாம் ஈரம். கார் புறப்பட்டது. பழைய மாதிரி முனகவில்லை, ஆனால் நான் நம்பவில்லை. முதல் பாதியில் எப்போதும் அப்படித்தான். தகட்டில் ஒரு கல் உரசியது. பின்னால் நடு டீச்சர் "முருகா" என்றார். உரசியது தகடுதானா, சம்பா? நிறுத்திக் குனிந்து பார்க்க முடியாது. பார்த்தே ஆக வேண்டும் என்றும் இருந்தது. ரேஸிலிருந்து காலை எடுக்காமல் போனேன்.

முடக்கு வந்தது. கல்லைக் கையில் ஏந்தி மனைவி ஓரமாக நின்றாள். அந்த நேரம் பார்த்து, மேலே இருந்து விறகுக் கட்டோடு இரண்டு பெண்கள் முடக்கைச் சுற்றி இறங்கி வந்துவிட்டார்கள். தலையில் நீட்டு விறகு, ரோட்டை அடைத்துக்கொண்டு. ஹோன் அடித்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவார்கள். பிரேக்கை மிதித்தேன்.

கார் நின்றது. முடக்கின் நடுவில், மூக்கு மேலே பார்த்தபடி, ஐயோ, நான் ஒருநாளும் நிற்கக் கூடாத இடத்தில். எல்லாக் கணக்கும் ஓட்டத்தோடு ஏறுவதற்குத்தான் போட்டிருந்தேன். நின்று எடுப்பதை யோசிக்கவேயில்லை. கைபிரேக்கை இழுத்தேன். பிடித்தது. இளைய டீச்சரின் கை கதவுக் கைப்பிடிக்குப் போவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"எறங்காதீங்க டீச்சர்" என்றேன்.

"எறங்கலண்ணே" என்றார் அவர். ஆனால் கை அங்கேயே இருந்தது.

விறகுக்காரப் பெண்கள் தேயிலைக்குள் ஒதுங்கினார்கள். அதில் ஒருத்தி சத்தமாக, "என்னாண்ணே, கார நிப்பாட்டிட்டு போட்டோ புடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். மனைவி ஓடி வந்து சில்லுக்குப் பின்னால் கல்லை வைத்தாள். "வச்சாச்சு, எடுங்க!"

கிளச்சை மெதுவாக விட்டேன். காரின் முன்பக்கம் லேசாக நிமிர்ந்தது. ரேஸைக் கூட்டினேன். ஒரு சில்லு ஈரக் கல்லில் சுழன்றது, ரப்பர் வாசம் வந்தது. சுழல்கிறது, ஏறவில்லை. சுழல்கிறது. காலைக் கொஞ்சம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது, பயத்தில்தான் எடுத்திருப்பேன். சில்லு பிடித்தது. கைபிரேக்கை விட்டேன். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் முன்னால் போனது. முடக்கைத் தாண்டி, பாலர் பள்ளியைத் தாண்டி, பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. இஞ்சினை நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன்; உரசியது தகடுதான், ஒயில் ஒரு சொட்டும் இல்லை.

பெரிய டீச்சர் இறங்கி, காரின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏத்திட்டீங்களே தம்பி! நான் வர்றேன்." நடு டீச்சரும், "நானுந்தான்" என்றார்.

மற்றவர்கள் நடந்து வந்து சேர்கிறவரைக்கும் இளைய டீச்சர் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். பிறகு என் அருகில் வந்தார்.

"அண்ணே, நான் வேன்ல சொல்லிட்டேன். அட்வான்சும் குடுத்துட்டேன்."

"கார்தான் ஏறிருச்சே டீச்சர். இனி எறங்க வேண்டியதில்ல."

"தெரியும்ணே. கார் மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா இந்தக் கார்ல நான் வந்து எறங்குனாலே பிள்ளைங்க சிரிக்கிறாங்க. 'கல்லு டீச்சர்'னு பேரு வச்சிட்டாங்க. வகுப்புல ஒருத்தன் மேசைமேல கல்லே கொண்டாந்து வச்சான். நான் வேற வண்டில வந்து எறங்குனாத்தான் அது மறக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, நீங்க என்னண்ணே செய்வீங்க" என்றார். அதைக் கேட்கக் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். விசயத்தைக் கேட்டதும் முதல் வார்த்தையாக, "அப்ப ரெண்டு பேருதானா? ரெண்டு பேருக்கு கிளச் மட்டும் மாத்தி அந்தப் பெரிய டயரிலயே ஏறியிருக்குமே மச்சான்" என்றான். அவன் குத்திப் பேசவில்லை, கணக்குத்தான் சொன்னான். ஏறியிருக்குமா? அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காய்ந்த நாளில் ஏறியிருக்கும் என்று ஒரு மனது சொல்கிறது. ஈரத்தில், நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தால் ஏறியிருக்காது என்று இன்னொரு மனது. பெரிய டயர் விற்றுவிட்டது, இனி ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

"அந்தக் கொமரிப் புள்ள மானம் போறதுக்கு முன்னாடி மாத்தியிருக்கணும்" என்றாள் மனைவி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க, ரெண்டு பேராச்சும் இருக்காங்க" என்றாள்.

இரண்டு பேர் ஹயரில் லீசிங் சரியாக வரும். அதற்கு மேல் பெற்றோல் போக மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்த மூன்றாவது ஆளின் ஹயர் காசில்தான் பாஸின் கூலியைத் தீர்ப்பதாகக் கணக்கு வைத்திருந்தேன். இறங்கும்போது பாஸை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். புதுப் பிரேக் நன்றாகப் பிடித்தது. அவரும் காலால் மிதிப்பது போலக் கூடவே மிதித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். சந்தியில் இறங்கும்போது, "கிளச் ஹொந்தாய் மல்லி, நல்லாப் புடிக்குது" என்றார். நான் அந்த டீச்சர் போன கதையைச் சொன்னேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப மாசம் எவ்வளவு தருவீங்க?"

"மூவாயிரம் தரலாம் பாஸ். மழைக்காலத்துல ரெண்டு."

"ஹரி. ஆனா வராம இருக்க வேணாம். காசு இல்லாட்டியும் வந்து மொகத்தக் காட்டணும்."

அதன்படி மாதாமாதம் போய் முகத்தைக் காட்டி வருகிறேன். ஒரு மாதம் காசும் சேர்ந்து போகும், ஒரு மாதம் முகம் மட்டும். பாஸுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.